பாட்டிலுக்கு எண் இருக்கு, மாங்காய்க்கு விலை இல்லையா?

(மா விவசாயிகள் கோரிக்கை விளக்கக் கூட்டத்தில் சங்கச் செயலாளர் ஆற்றிய உரை. ஊர்தோறும் படித்துக் காட்டுவதற்காக அச்சிடப்படுகிறது. படித்து முடித்ததும் அடுத்தவரிடம் கொடுங்கள்.)



இன்றைக்கு நான் பேசப்போவது சுங்கவரி. "மாங்காய் விலை பேச வந்த இடத்தில் துறைமுகத்துச் சமாச்சாரம் எதற்கு?" என்று சிலர் நினைக்கலாம். நியாயமான கேள்விதான். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். வெளிநாட்டுச் சரக்கு கப்பலில் இருந்து இறங்கும்போது அதற்கு என்ன பேர் வைக்கிறார்கள் என்பதற்கும், நம்ம தோப்பில் காய்க்கிற பெங்களூரா மாங்காயின் விலைக்கும் ஒரு கயிறு கட்டியிருக்கிறது. அந்தக் கயிறு நம் கண்ணுக்குத் தெரியாது. தெரியாததால்தான் நாம் மண்டிக்காரரோடு சண்டை போடுகிறோம், கம்பெனி கேட்டில் நிற்கிறோம். அதற்கு மேலே யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பதில்லை.

2025-ஆம் வருடம் நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்திலும், பக்கத்தில் சித்தூரிலும், கர்நாடகத்தில் கோலாரிலும் ஒரே நேரத்தில் காய் வந்து குவிந்தது. கூழ் கம்பெனிகளில் பழைய சரக்கே தேங்கிக் கிடக்கிறது என்றார்கள். பெங்களூரா விலை பறிப்புக் கூலிக்கும் வண்டி வாடகைக்கும் கூடக் காணாத அளவுக்குப் போனது. ஆந்திராவில் கம்பெனி 8 ரூபாய் கொடுக்கட்டும், அரசு 4 ரூபாய் கொடுக்கும், கிலோவுக்கு 12 ரூபாய் என்று அறிவித்தார்கள். வெளிமாநிலத்துக் காய் சித்தூருக்குள் வரக்கூடாது என்று தடையும் போட்டார்கள். கர்நாடகத்துக்குக் குவிண்டால் 1,616 ரூபாய் கணக்கில் இரண்டரை லட்சம் டன் வரைக்கும் விலை வித்தியாசத் தொகை கொடுக்க மத்திய அரசு ஒத்துக்கொண்டது. தமிழ்நாட்டில் இருந்தும் முதலமைச்சர் மத்திய அரசுக்குக் கடிதம் எழுதினார். நாம் என்ன செய்தோம்? சில பேர் ரோட்டில் கொட்டினோம். சில பேர் பறிக்காமலே மரத்தில் விட்டோம்.

விலை விழுந்ததற்குக் காரணம் ஒன்றல்ல, பல. விளைச்சல் கூடினது ஒரு காரணம். தேக்கம் ஒரு காரணம். கம்பெனிகள் சேர்ந்துகொண்டு விலை வைப்பது ஒரு காரணம். இவற்றைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம். நாம் பேசாத காரணம் ஒன்று இருக்கிறது. பழத்தைக் கூழாக்கி, சாறாக்கி, ஜாமாக்கி விற்கிற வியாபாரம் முழுவதும் ஒரு எண் மேல் நடக்கிறது. அந்த எண்ணைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச்சு.

எண் என்றால் என்ன?

வீட்டில் உரக்கடை பில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். யூரியா என்று எழுதின வரியில் 3102 என்று ஒரு எண் இருக்கும். எச்.எஸ்.என். என்று தலைப்புப் போட்டிருக்கும். பூச்சி மருந்துக்கு ஒரு எண், சொட்டுநீர்க் குழாய்க்கு ஒரு எண், பம்புசெட்டுக்கு ஒரு எண். உலகத்தில் விற்கிற ஒவ்வொரு பொருளுக்கும் இப்படி ஒரு எண் உண்டு.

இதை வைத்தது பெல்ஜியம் நாட்டுப் பிரஸ்ஸல்ஸ் நகரத்தில் இருக்கிற உலகச் சுங்க அமைப்பு. 1988-ஆம் வருடம் ஜனவரி முதல் தேதியில் இருந்து நடைமுறையில் இருக்கிறது. 200-க்கும் மேற்பட்ட நாடுகளும் பிரதேசங்களும் இதே எண்களைத்தான் வைத்திருக்கின்றன. முதல் இரண்டு இலக்கம் அத்தியாயம். நாலு இலக்கம் தலைப்பு. ஆறு இலக்கம் வரைக்கும் எல்லா நாட்டுக்கும் ஒன்று. அதற்கு மேல் அவரவர் நாடு சேர்த்துக்கொள்ளலாம். இந்தியாவில் எட்டு இலக்கம். 1975-ஆம் வருடத்துச் சுங்கவரிச் சட்டத்தின் அட்டவணையில் இது இருக்கிறது.

நிலத்துக்குச் சர்வே நம்பர், உட்பிரிவு இருக்கிற மாதிரிதான் இதுவும். சர்வே நம்பர் மாறினால் நிலம் கைமாறிவிடும். இந்த எண் மாறினால் வரி மாறிவிடும்.

பழத்துக்கு வருவோம். பறித்த பழம், உறையவைத்த பழம், உலர்த்திய பழம் எல்லாம் 8-ஆம் அத்தியாயம். அதைச் சமைத்து, பதப்படுத்தி, டப்பாவில் அடைத்தால் 20-ஆம் அத்தியாயம். அந்த 20-க்குள்ளே 2007 என்றால் ஜாம், ஜெல்லி, மார்மலேடு, சமைத்துக் கெட்டியாக்கிய பழக்கூழ், பழ விழுது. 2008 என்றால் வேறு வகையில் பக்குவம் செய்த பழம். 2009 என்றால் பழச்சாறு. தண்ணீரும் சர்க்கரையும் கலந்து குடிக்கத் தயாராக பாட்டிலில் வந்தால் 2202. எதிலும் அடங்காத கலவை என்றால் 2106.

ரொட்டிக்குத் தடவுகிற பாட்டில்

இப்போது நகரத்துக் கடை அலமாரி ஒன்றைப் பாருங்கள். ரொட்டிக்குத் தடவுகிற பாட்டில்கள் வரிசையாக இருக்கும். ஒன்றில் ஜாம். ஒன்றில் சர்க்கரை குறைத்த பழ ஸ்பிரெட். ஒன்றில் வேர்க்கடலை விழுது. ஒன்றில் சாக்லேட்டும் கொட்டைப் பருப்பும் அரைத்தது. நமக்கு எல்லாம் தடவுகிற சாமான்தான். சுங்கத்துக்கு அப்படி இல்லை. ஜாம் 2007. வேர்க்கடலை விழுது 2008. கோகோ கலந்துவிட்டால் அது 1806, சாக்லேட் சாதி. அதே பழக்கூழைக் குழந்தைக்கு ஊட்டுகிற மாதிரி நைஸாக அரைத்து 250 கிராமுக்கு மேற்படாத பாட்டிலில் அடைத்தால், 2007-க்குள்ளேயே தனி உட்பிரிவு.

ஜாம் என்று சொல்ல வேண்டுமானால் நம்ம நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிப்படி 100-க்கு 45 பங்கு பழம் இருக்க வேண்டும். ஸ்ட்ராபெரி மாதிரியான பழத்துக்கு 25 போதும். கரைந்த திடப்பொருள், அதாவது பெரும்பாலும் சர்க்கரை, 65 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. சர்க்கரை வியாதிக்குப் பயந்து சர்க்கரையைக் குறைத்தால் அதை ஜாம் என்று விற்க முடியாது. அதனால் "பழ ஸ்பிரெட்" என்று புதுப்பேர் வைத்தார்கள். பேர் புதிது என்பதால் எண்ணும் புதிதா? இல்லை. சுங்க அட்டவணையில் பழ ஸ்பிரெட் என்று ஒரு தலைப்பே கிடையாது. அது எந்தத் தலைப்பில் போய் உட்காரும் என்பதற்கு ஒரு விதி இருக்கிறது. அந்த விதி நம்ம பெண்களுக்கு நன்றாகத் தெரிந்த விதி.

அதாவது, 2007-இல் வரவேண்டும் என்றால் "சமைத்துப் பெறப்பட்டது" ஆக இருக்க வேண்டும். சமைத்தது என்றால் என்ன என்று 20-ஆம் அத்தியாயத்தின் குறிப்பு சொல்கிறது. சூடு காட்டி, தண்ணீரைச் சுண்டவைத்தோ வேறு வழியிலோ, பொருளைக் கெட்டியாக்கினால்தான் சமைத்தது. கெட்டுப்போகாமல் இருக்கச் சும்மா சூடு காட்டி அடைத்தால் அது சமைத்தது ஆகாது. பாலைக் காய்ச்சி இறக்குவது வேறு, பால்கோவா கிண்டுவது வேறு. இவ்வளவுதான் விஷயம். கோவா மாதிரி கிண்டின பழம் 2007. காய்ச்சி மட்டும் இறக்கின பழக்கூழ் வேறு தலைப்பு.

டப்பாவைத் திறந்து பார்த்தால் இரண்டும் மஞ்சள் கூழ்தான். நாக்கில் வைத்தாலும் சட்டென்று தெரியாது. எப்படிச் செய்தார்கள் என்ற காகிதத்தை வைத்தும், ஆய்வுக்கூடப் பரிசோதனையை வைத்தும்தான் சொல்ல முடியும். அந்தக் காகிதத்தைக் கொடுப்பவர் யார்? சரக்கை விற்கிற கம்பெனி. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எண் மாறினால் எவ்வளவு?

கணக்குப் பார்ப்போம். 2018-ஆம் வருடத்து மத்திய பட்ஜெட்டில் பல பழச்சாறுகளுக்கும், 2106-இல் வருகிற உணவுக் கலவைகளுக்கும் அடிப்படைச் சுங்கவரியை 30 சதவீதத்தில் இருந்து 50 சதவீதமாக உயர்த்தினார்கள். ஜாமுக்கு உயர்த்தவில்லை, 30 சதவீதமாகவே விட்டார்கள். வரிக்கு மேலே நூற்றுக்குப் பத்து சமூக நலக் கூடுதல் வரி.

100 ரூபாய் சரக்கு ஜாம் என்று இறங்கினால் 30-ம் 3-ம் சேர்த்து 33 ரூபாய். அதே 100 ரூபாய் சரக்கு சாறு என்றோ கலவை என்றோ இறங்கினால் 50-ம் 5-ம் சேர்த்து 55 ரூபாய். வித்தியாசம் 22 ரூபாய். 20 லட்சம் ரூபாய்ச் சரக்கு ஒரு கன்டெய்னரில் வந்தால் வித்தியாசம் 4 லட்சத்து 40 ஆயிரம். ஒரு பேரை மாற்றி எழுதினால் 4 லட்சத்து 40 ஆயிரம்! நம்ம ஊரில் ஒரு ஏக்கர் தோப்பு வைத்திருக்கிறவன் எத்தனை வருடம் பாடுபட்டால் இதைப் பார்ப்பான் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. எண்ணோடு நாடும் சேர வேண்டும். ஒப்பந்தம் போட்ட நாட்டில் இருந்து வந்தால் வரி குறையும், சிலதுக்கு இல்லாமலே போகும். ஆசியான் நாடுகளோடு சரக்கு ஒப்பந்தம் 2010 ஜனவரி முதல் நடக்கிறது. ஐக்கிய அரபு அமீரகத்தோடு 2022 மே முதல், ஆஸ்திரேலியாவோடு 2022 டிசம்பர் முதல். ஐரோப்பிய ஒன்றியத்தோடு பேச்சு முடிந்ததாக 2026 ஜனவரியில் அறிவித்தார்கள். நான் இப்போது சொன்ன அந்த 55 சதவீதம், பழச்சாறுக்கு உள்ள வரி, இல்லாமல் ஆகும் என்று அவர்கள் வெளியிட்ட விவரத்தில் இருக்கிறது. இந்த ஒப்பந்தம் எதிலும், "மா விவசாயியே, உன் கருத்து என்ன?" என்று நம்ம மாவட்டத்தில் வந்து கேட்டவர்கள் யார்? ஒருத்தரும் இல்லை.

துறைமுகத்தில் என்ன நடக்கிறது?

முன்பெல்லாம் அதிகாரி பார்த்து எண் போடுவார். 2011-ஆம் வருடத்தில் இருந்து முறை மாறிவிட்டது. சரக்கைக் கொண்டுவருகிறவரே தன் சரக்குக்கு எண் எழுதி, வரியையும் தானே கணக்குப் போட்டுக் காட்டலாம். சுயமதிப்பீடு என்று பேர். அதிகாரி சரிபார்க்கலாம். ஆனால் எல்லாப் பெட்டியையும் பிரிப்பதில்லை. எதில் ஆபத்து அதிகம் என்று கம்ப்யூட்டர் பொறுக்கிக் கொடுப்பதைப் பிரித்துப் பார்க்கிறார்கள். மற்றது அப்படியே போகும்.

வியாபாரம் தடங்கல் இல்லாமல் நடக்க வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. நேர்மையான வியாபாரிக்கு நல்லதுதான், அதைக் குறை சொல்லவில்லை. நான் கேட்பது ஒன்றுதான். நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனால் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேலே என்று திருப்பி அனுப்புகிறார்கள். அங்கே நம்மைச் சுயமதிப்பீடு செய்துகொள்ளச் சொல்கிறார்களா? "என் நெல்லில் ஈரம் 15 தான்" என்று நான் எழுதிக் கொடுத்தால் எடுத்துக்கொள்வார்களா? மூட்டையில் குத்தூசி குத்திப் பார்க்காமல் விடுவார்களா? விவசாயி சொன்னால் நம்பிக்கை இல்லை, கன்டெய்னர்காரர் சொன்னால் நம்பிக்கை. இது என்ன நியாயம்?

ஒரு எண்ணுக்காக உச்சநீதிமன்றம் வரை

எண் சின்ன விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள். பெரிய கம்பெனிகள் இதற்காக வருடக்கணக்கில் வழக்கு நடத்துகின்றன.

அமெரிக்காவில் 1883-இல் ஒரு சட்டம். காய்கறி இறக்குமதிக்கு வரி உண்டு, பழத்துக்கு இல்லை. தக்காளி கொண்டுவந்த வியாபாரி, "தக்காளி பழம்தான், செடிநூல் அப்படித்தான் சொல்கிறது" என்றார். 1893-இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: செடிநூல் என்ன சொன்னாலும் சரி, ஜனங்கள் அதைச் சாப்பாட்டோடுதான் சாப்பிடுகிறார்கள், ஆகவே காய்கறிதான், வரி கட்டு.

ஐரோப்பாவில் வேறு கதை. 2001-ஆம் வருடத்து ஜாம் உத்தரவில் கேரட்டையும் சர்க்கரைவள்ளிக் கிழங்கையும் கூடப் பழம் என்று எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். போர்ச்சுகல் நாட்டில் கேரட் ஜாம் செய்வது வழக்கம். அவர்கள் பிழைப்பைக் காப்பாற்ற மண்ணுக்கு அடியில் விளைகிற கிழங்கே பழமாகிவிட்டது. தன் ஜனங்களுக்காக அரசாங்கம் மனது வைத்தால் வார்த்தை எப்படி வளைகிறது பாருங்கள்.

நம்ம நாட்டிலும் உண்டு. ஆப்பி ஃபிஸ் என்ற குளிர்பானம், காஸ் அடைத்த ஆப்பிள் பானம். கேரளத்தில் அதற்கு 20 சதவீதம் வாட் வரி என்றார்கள். கம்பெனி, "இது பழச்சாறு பானம், பன்னிரண்டரை சதவீதம்தான்" என்றது. வழக்கு உச்சநீதிமன்றம் வரை போனது. 2017-இல் கம்பெனி பக்கம் தீர்ப்பு வந்தது. அவர்கள் வழக்காடியது தப்பு என்று நான் சொல்லவில்லை. அவர்கள் உரிமை அது. அவர்களுக்கு எண் தெரிந்தது, வக்கீல் இருந்தார், வாதாடினார்கள், ஜெயித்தார்கள். நமக்கு எண்ணே தெரியாது. அதுதான் வித்தியாசம்.

நம்ம கூழுக்கு நடந்த கதை

சரி, வெளிநாட்டுச் சரக்கு இருக்கட்டும். நம்ம மாங்கூழுக்கே இந்த எண் என்ன செய்தது தெரியுமா?

மாங்கூழுக்கு எண் 0804 50 40. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது. பறித்த மாம்பழத்துக்கு வரி இல்லை. வெட்டி உலர்த்திய மாங்காய்த் துண்டுக்கு 5 சதவீதம். அதே 0804 தலைப்பில் உள்ள மற்ற உலர் பழங்களுக்கு 12 சதவீதம். கூழுக்கு எவ்வளவு? பட்டியலில் தெளிவாக இல்லை. 5 என்று ஒருத்தர், 12 என்று ஒருத்தர். ஐந்து வருடம் இப்படியே போனது. 2022 ஜூன் கடைசியில் சண்டிகரில் கூடின ஜி.எஸ்.டி. கவுன்சில் முடிவு செய்தது, ஆகஸ்டில் சுற்றறிக்கை வந்தது: மாங்கூழ் உட்பட, வெட்டி உலர்த்திய துண்டு தவிர மற்றதுக்கு 12 சதவீதம்.

சொட்டச் சொட்ட ஈரமாக இருக்கிற கூழை உலர்ந்த பழத்து வரியில் கொண்டுபோய் வைத்தார்கள். கேட்டால் சிரிப்புத்தான் வரும். ஆனால் அந்தச் சிரிப்புக்கு விலை கொடுத்தது நாம். கம்பெனிக்காரர் வரியைத் தன் சட்டைப்பையில் இருந்து கொடுப்பாரா? வாங்குகிறவரிடம் கொஞ்சம் ஏற்றுவார். முடியாததை மாங்காய் விலையில் இறக்குவார். வாங்குகிறவர் பெரிய குளிர்பானக் கம்பெனி, அவரிடம் பேச முடியாது. மாங்காய் விற்கிறவன் சின்ன விவசாயி, பறித்த காயை நெடுநாள் வைத்திருக்க முடியாது. ஆகவே யார் தலையில் விடியும்? நம்ம தலையில்தான்.

2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீத அடுக்கையே எடுத்துவிட்டார்கள். 0804 தலைப்பில் இருந்த இந்தப் பொருள்களும், ஜாமும், பழச்சாறு பானமும் 5 சதவீதத்துக்கு வந்தன. நல்ல காரியம், வரவேற்கிறோம். ஆனால் எப்போது வந்தது? நம்ம சீசன் முடிந்து, காய் எல்லாம் குப்பைக்குப் போன பிறகு வந்தது. ஏறின வரி மாங்காய் விலையில் இறங்கியது என்றால், இறங்கின வரி மாங்காய் விலையில் ஏற வேண்டாமா? இதைக் கம்பெனி முதலாளிகளிடம் கேட்கிற கேள்வியாக வையுங்கள். ஒவ்வொரு சீசன் தொடக்கத்திலும் கேளுங்கள்.

ஒரு லிட்டரில் நம்ம பங்கு எவ்வளவு?

இங்கே ஒரு விஷயத்தை நேராகச் சொல்லிவிட வேண்டும். வெளிநாட்டு மாங்கூழ் வெள்ளமாக வந்து நம்மை அடித்துக்கொண்டு போகிறது என்று சிலர் மேடையில் முழங்குகிறார்கள். அது சரியில்லை. மாங்கூழை நாம்தான் சவுதி அரேபியாவுக்கும் நெதர்லாந்துக்கும் அனுப்புகிறோம். உலகத்திலேயே அதிகமாக மா விளைகிற நாடு நம்ம நாடு. பொய்யைச் சொல்லிப் போராடினால் முதல் பேச்சுவார்த்தையிலேயே நம்ம வாயை அடைத்துவிடுவார்கள்.

நமக்கு அடி வருகிற வழி வேறு. ஆப்பிள், ஆரஞ்சு சாறைச் சுண்டவைத்துப் பீப்பாயில் கொண்டுவருகிறார்கள். பெரி வகைப் பழ ஸ்பிரெட்டும் கேக்குக்குள் வைக்கிற பழ விழுதும் வருகின்றன. கடை அலமாரியில் இடம் ஒன்றுதான். வாங்குகிறவர் கையில் இருக்கிற காசும் ஒன்றுதான். அந்தச் சரக்கு தப்பான எண்ணில் மலிவாக இறங்கினால், மாம்பழ ஜாமும் கொய்யா ஜெல்லியும் விற்கிற நம்ம ஊர்ச் சிறு ஆலை போட்டி போட முடியாது. ஆலை ஓடாவிட்டால் காய் எங்கே போகும்?

அடுத்தது, பழச்சாறு பானத்தில் குறைந்தது 10 சதவீதம் பழம் இருந்தால் போதும் என்பது விதி. ஒரு லிட்டர் பாட்டிலில் 100 கிராம் கூழ். நூறு கிராம் கூழ் எடுக்கச் சுமார் 200 கிராம் மாங்காய் வேண்டும், ஏனென்றால் தோலும் கொட்டையும் பாதி போய்விடும். மாங்காய் கிலோ 5 ரூபாய் என்று வையுங்கள். 200 கிராமுக்கு எவ்வளவு? ஒரு ரூபாய். லிட்டர் பாட்டில் என்ன விலைக்கு விற்கிறது என்று உங்கள் பிள்ளைகளைக் கேளுங்கள். பாட்டில் மேலே பெரிய மாம்பழப் படம் போட்டிருப்பான். அந்தப் படத்துக்கு உள்ளே இருக்கிற நம்ம பங்கு ஒரு ரூபாய்!

நமக்குக் கிலோவுக்கு 15 ரூபாய் கொடுத்தாலும் பாட்டிலில் கூடுவது இரண்டே ரூபாய். 10 சதவீதத்தை 20 ஆக்கினால் அதே பாட்டிலுக்கு இரண்டு மடங்கு மாங்காய் வேண்டும். தேக்கம் என்ற பேச்சே இருக்காது. இதற்கு அரசுக்கு ஒரு பைசா செலவில்லை. ஒரு விதியில் ஒரு எண்ணை மாற்றினால் போதும்.

இறக்குமதி ஜாம் பாட்டிலில் எந்த நாட்டுச் சரக்கு என்று எழுதியாக வேண்டும். ஆனால் வெளிநாட்டுக் கூழை வாங்கி இங்கே பாட்டிலில் அடைத்தால், உள்ளே இருப்பது எந்த நாட்டுப் பழம் என்று சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. வாங்கிச் சாப்பிடுகிற ஜனங்களுக்கும் இது தெரிய வேண்டாமா?

சிலர் கேட்கிற கேள்வி

"நாம ஏற்றுமதி பண்ணலாம், அவன் இறக்குமதி பண்ணக் கூடாதா?" என்று படித்த பிள்ளைகள் கேட்கிறார்கள். கதவை மூடச் சொல்லவில்லை தம்பி. வருகிற சரக்கு சொந்தப் பேரில் வரட்டும் என்கிறோம். சாறு சாறாக வரட்டும், ஜாம் ஜாமாக வரட்டும். நம்ம கூழ் வெளிநாட்டுத் துறைமுகத்தில் இறங்கும்போது பூச்சி மருந்து எச்சம் முதற்கொண்டு எல்லாவற்றையும் சோதிக்கிறார்கள். ஒரு மாதிரி தவறினாலும் கன்டெய்னரைத் திருப்பி அனுப்புகிறார்கள். அதே கண்டிப்பு இங்கேயும் இருக்கட்டும்.

"இதெல்லாம் டெல்லி விஷயம், நம்ம கையில் என்ன இருக்கு?" என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். சுங்கவரி மத்திய அரசின் கையில் இருக்கிறது, உண்மைதான். பட்ஜெட் பிப்ரவரி முதல் தேதி வருகிறது. கம்பெனிச் சங்கங்கள் அதற்கு முன்னாலேயே போய் மனு கொடுத்துவிட்டு வருகின்றன. நாம் மே மாதம் விலை விழுந்த பிறகு கத்துகிறோம். மழை பெய்து முடிந்த பிறகு வரப்பு போடுகிற வேலை இது. இனிமேல் அறுவடைக்கு முன்னால் ஒரு போராட்டம், பட்ஜெட்டுக்கு முன்னால் ஒரு போராட்டம் என்று நாம் நாள் குறிக்க வேண்டும்.

எந்த எண்ணில் எவ்வளவு சரக்கு எந்த நாட்டில் இருந்து வந்தது என்ற விவரத்தை மத்திய வணிக அமைச்சகம் வெளியிடுகிறது. ரகசியம் ஒன்றும் இல்லை. ஆனால் எண் தெரிந்தால்தான் தேட முடியும். ஆகவே எண்ணை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். மாங்கூழ் 0804 50 40. மாம்பழ ஜாம், சமைத்த கூழ் 2007 99 10. மற்ற பழச்சாறு 2009. பாட்டில் பானம் 2202. ஒவ்வொரு கிளையிலும் கல்லூரி படிக்கிற ஒரு பிள்ளை இருக்கும். மாதம் ஒருமுறை பார்த்து, தமிழில் எழுதி, சங்கப் பலகையில் ஒட்டச் சொல்லுங்கள். விவரம் கிடைக்காத இடத்தில் 2005-ஆம் வருடத்துத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது.

நமது கோரிக்கைகள்

1. இறக்குமதியாகும் பழக்கூழ், பழ ஸ்பிரெட், பழ விழுது, சுண்டிய சாறு ஆகியவற்றின் மாதிரிகளைத் துறைமுகத்தில் கட்டாயமாக ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி, சரியான எண்ணில் வரி விதிக்க வேண்டும். தப்பான எண் எழுதியவர்களிடம் வித்தியாச வரியை அபராதத்தோடு வசூலிக்க வேண்டும்.

2. பழம் சார்ந்த இறக்குமதி விவரங்களை மாதந்தோறும் தமிழில் மாவட்டத் தோட்டக்கலை அலுவலகத்தில் ஒட்ட வேண்டும்.

3. பழச்சாறு பானங்களில் பழத்தின் குறைந்த அளவை 10 சதவீதத்தில் இருந்து 20 சதவீதமாக உயர்த்த வேண்டும்.

4. ஜாம், ஸ்பிரெட், பானம் எதுவானாலும் உள்ளே இருக்கும் பழம் எந்த நாட்டில் விளைந்தது என்று பாட்டிலில் அச்சிட வேண்டும்.

5. வரி ஒப்பந்தங்களில் பழமும் பழப் பொருளும் வருகிறபோது, கையெழுத்துப் போடுவதற்கு முன் விளைவிக்கிற மாவட்டங்களில் விவசாயிகள் கருத்தைக் கேட்க வேண்டும்.

6. ஆட்சியர் தலைமையில் விவசாயிகள், கூழ் ஆலையினர், தோட்டக்கலைத் துறையினர் கொண்ட முத்தரப்புக் கூட்டத்தைக் காய் இறங்குவதற்கு முன்பே கூட்டி, பெங்களூரா ரகத்துக்குக் குறைந்தபட்ச விலையை அறிவிக்க வேண்டும். 2025-இல் குறைந்த ஜி.எஸ்.டி.யின் பலனை அந்த விலையில் சேர்க்க வேண்டும்.

7. விலை விழுந்தால் கர்நாடகத்துக்குக் கொடுத்தது போல் தமிழ்நாட்டு மா விவசாயிகளுக்கும் விலை வித்தியாசத் தொகை கொடுக்க வேண்டும். அதற்கான ஏற்பாட்டை சீசனுக்கு முன்பே செய்து வைக்க வேண்டும்.

8. உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் சொந்தமாகக் கூழ் ஆலையும் ஜாம் ஆலையும் வைக்கக் குறைந்த வட்டிக் கடனும் மானியமும் தர வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

மண்டியிலும் கம்பெனியிலும் காய் போடும்போது எடைச் சீட்டு வாங்குங்கள். விலை எழுதாத சீட்டை வாங்காதீர்கள். அந்தச் சீட்டுத்தான் நாளைக்கு நமக்குச் சாட்சி. அது இல்லாமல் விலை வித்தியாசத் தொகை கேட்டால், "எத்தனை டன் போட்டாய், என்ன விலைக்குப் போட்டாய்?" என்று கேட்பார்கள், நாம் முழிக்க வேண்டியதுதான். சிட்டா, அடங்கல் நகலும் சேர்த்து வையுங்கள். குத்தகைக்குத் தோப்பு எடுத்தவர்கள் ஒப்பந்தத்தைக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்கு ஒவ்வொரு ஊரிலும் இருந்து ஐந்து பேராவது வாருங்கள். தனித்தனியாகப் பட்டா, பாதை என்று மனு கொடுப்பதோடு, இந்த எட்டுக் கோரிக்கை மனுவையும் ஊர் ஊராகக் கையெழுத்து வாங்கிக் கொடுங்கள். பாராளுமன்ற உறுப்பினர் எந்தக் கட்சியாக இருந்தாலும் சரி, அவரிடம் நேரில் போய், "0804 50 40 பற்றி எப்போது பேசப்போகிறீர்கள்?" என்று கேளுங்கள். விவசாயி வாயில் இருந்து அந்த எண் வரும்போதுதான் அவர்களுக்கு உறைக்கும்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. கூழ் கம்பெனியில் தோல் சீவி, கொட்டை எடுத்து நிற்பவர்கள் நீங்கள்தான். தோப்பில் பொறுக்குவதும் நீங்கள்தான். எது காய்ச்சினது, எது கிண்டினது என்று உங்களுக்குத் தெரிந்த அளவுக்குக் கோட்டுப் போட்ட வக்கீலுக்குத் தெரியாது. கூட்டத்தில் பின்னால் உட்காராதீர்கள், முன்னால் வந்து பேசுங்கள்.

மா மரம் ஒரு வருடத்துப் பயிர் அல்ல. அப்பன் வைத்த மரத்தில் பிள்ளை பறிக்கிறான். விலை இல்லை என்று மரத்தை வெட்டி விறகுக்குப் போட்டால் அடுத்த மரம் காய்க்கப் பல வருடம் காத்திருக்க வேண்டும். அதனால் அவசரப்பட்டு யாரும் கோடாலியை எடுக்காதீர்கள். மனுவை எடுங்கள், கொடியை எடுங்கள். விவரத்தோடு போராடுகிற விவசாயியை எந்த அரசும் லேசில் ஒதுக்கிவிட முடியாது.

இறங்குகிற சரக்குக்குச் சரியான எண் கேட்போம்!
விளைகிற மாங்காய்க்கு நியாய விலை கேட்போம்!
பட்ஜெட்டுக்கு முன்பே ஒன்று சேர்வோம்!
விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!